கடன்சொல் மொழியைக் கொல்லுமா?

சில ஆண்டுகளுக்கு முன்னர், கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த பேச்சுப் போட்டியொன்றில் நடுவருள் ஒருவராக அமர்ந்திருந்தோம். மொழித்தூய்மை பற்றிய தலைப்பு. மேடையேறிய மாணவர் ஒருவர், "கடன் வாங்கிய குடும்பம் நொடித்துப் போவதுபோலக் கடன் வாங்கிய மொழியும் ஒருநாள் அழிந்தே தீரும்" என்று முழங்கினார். அரங்கம் கைதட்டலால் அதிர்ந்தது. அவருடைய நாவன்மைக்கு உரிய மதிப்பெண்ணை நாமும் குறைவின்றி வழங்கினோம். ஆயினும் வீடு திரும்பிய பின்னும் அந்த ஒரு தொடர் நெஞ்சை விட்டு அகலவில்லை. அஃது உண்மைதானா? சான்று உண்டா?

ஒரு கூற்றின் மெய்ம்மையை ஆராய வேண்டுமெனில், நம் விருப்பு வெறுப்புகள் எட்டாத ஓரிடத்தில் வைத்து ஆராய்வது நன்று. தமிழ் என்றவுடன் நமக்கு உணர்ச்சி மேலிடும். துலாக்கோல் ஒருபக்கம் சாயும். ஆதலின் நாம் நெடுந்தொலைவு சென்று, வட ஐரோப்பாவின் பால்டிக் கடற்கரையில் நின்று இவ்வழக்கை விசாரிக்கலாம். மூவேறு மொழிக்கூட்டங்கள் நெடுங்காலமாக ஒருவர் வாசலில் ஒருவர் வாழ்ந்த மண் அது. சொல் கொடுப்பதும் கொள்வதும் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு அதனினும் சிறந்த சாட்சி அரிது.

மூன்று கூட்டம், ஒரு கடற்கரை

அங்கு வாழும் முதற்கூட்டம் பின்னிய மொழிகள். பின்லாந்து மொழி, எஸ்தோனியம், கரேலியம், வெப்ஸ், லிவோனியம் முதலியன இதனுள் அடங்கும். இவை யுராலியக் குடும்பத்தைச் சார்ந்தவை. இரண்டாங்கூட்டம் பால்டிக் மொழிகள். லித்துவேனியம், லாத்வியம் ஆகிய இரண்டு இன்று வாழ்கின்றன. பழம் பிரஷ்யம் வழக்கொழிந்தது. மூன்றாங்கூட்டம் சிலாவிய மொழிகள். உருசியம், பெலாருசியம், போலந்து மொழி முதலியன இதனைச் சார்ந்தவை. பால்டிக்கும் சிலாவியமும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின. வடமொழிக்கும் பாரசீகத்துக்கும் தூரத்து உறவினர். பின்னியமோ பிறப்பால் முற்றிலும் வேறு. சுருங்கச் சொன்னால், பின்னியமும் பால்டிக்கும் தமிழும் வடமொழியும் போலக் குடியால் வேறுபட்டு, அண்டையால் ஒன்றுபட்டவை.

தமிழ் மாணவருக்குப் பின்னிய மொழிகள் முற்றிலும் புதியவை அல்ல. 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் அறிஞர் கால்டுவெல், திராவிட மொழிகளைப் பின்லாந்து மொழி உள்ளிட்ட 'சித்திய' மொழிகளோடு உறவுபடுத்த முயன்றார். ஒட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து சொல் நீளும் தன்மை அவரை ஈர்த்தது. அந்த உறவை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. ஒற்றுமை கண்ட இடமெல்லாம் உறவு என்று கொள்ளலாகாது என்பது நாம் இங்குப் பெறும் முதற்பாடம். இருமொழிகள் ஒத்திருப்பதற்கு ஒரு வயிற்றில் பிறந்ததும் காரணமாகலாம். ஒரே தெருவில் வாழ்ந்ததும் காரணமாகலாம். வெறும் தற்செயலும் காரணமாகலாம். இவற்றைப் பிரித்தறிவதே ஒப்பியலின் பணி.

பால்டிக் கரையில் அப்பணியைச் செம்மையுறச் செய்தவர் டென்மார்க்கு நாட்டு அறிஞர் வில்ஹெல்ம் தாம்சன். பின்னிய மொழிகளில் செர்மானியச் சொற்கள் கலந்த வரலாற்றை 1869-இலும், பால்டிக் சொற்கள் கலந்த வரலாற்றை 1890-இலும் அவர் நூலாக வெளியிட்டார். மங்கோலியாவின் ஓர்கான் ஆற்றங்கரையில் நின்ற பழந்துருக்கியக் கல்வெட்டுகளின் எழுத்தை 1893-இல் படித்துக் காட்டியவரும் இவரே.

வீட்டுக்குள் வந்த சொற்கள்

அண்டை மொழியிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பின்னியத்துள் புகுந்த பால்டிக் சொற்கள் இருநூறு அளவில் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுட் பல உழவும் மேய்ச்சலும் கைத்தொழிலும் பற்றியவை. ஆட்டுக்கிடாயைப் பின்லாந்தார் 'ஓய்னஸ்' என்பர். லித்துவேனியர் 'அவினஸ்' என்பர். கோடரி அவருக்குக் 'கிர்வெஸ்', இவருக்குக் 'கிர்விஸ்'. கம்பளிமயிர் அங்கே 'வில்லா', இங்கே 'வில்னா'. இடையன், மெழுகு, பட்டாணி, ஆயிரம் என்ற எண் ஆகியனவும் இவ்வாறே வந்தன. புதிய தொழிலைக் கற்றவர் தொழிலோடு சொல்லையும் கற்றனர் என்று இதற்கு எளிதில் விளக்கம் கூறிவிடலாம்.

ஆனால் அவ்விளக்கத்துக்கு அடங்காத வேறு சில சொற்கள் உள. பின்லாந்து மொழியில் உடன்பிறந்தாளைக் குறிப்பது 'ஸிஸர்'. அது பால்டிக் சொல்; லித்துவேனியத்தில் 'செசுவோ', வேற்றுமை ஏற்கும்போது 'செசெர்ஸ்'. மகளைக் குறிக்கும் 'துத்தார்' என்பதும் பால்டிக். லித்துவேனியத்தில் 'துக்தே', வேற்றுமையில் 'துக்தெர்ஸ்'. வடமொழியின் 'துஹிதா', ஆங்கிலத்தின் 'டாட்டர்' ஆகியவையும் அதே வேரின் கிளைகள். மணமகளைக் குறிக்கும் 'மோர்சியன்' என்பதற்கு மூலம் லித்துவேனியத்தின் 'மார்த்தி'. இனக்குழுவைக் குறிக்கும் 'ஹெய்மோ' என்பது, லித்துவேனியத்தில் குடும்பம் எனப் பொருள்படும் 'ஷெய்மா'வோடு ஒன்று. கழுத்தும் பல்லும் கூடக் கடன்சொற்களே. பல்லுக்கு இருந்த பழைய பெயர் சீப்பின் பல்லுக்கும் வாரியின் பல்லுக்கும் ஒதுங்கிக்கொள்ள, மனிதர் வாயில் பால்டிக் பல் முளைத்தது!

இவற்றினும் வியப்புக்குரியது தாய் என்னும் சொல். பின்லாந்து மொழியில் தாயை 'ஐத்தி' என்று அழைப்பர். அது செர்மானியக் கடன்சொல். முன்னர்த் தாயைக் குறித்த 'எமோ' என்ற சொந்தச் சொல் இன்று பெரிதும் விலங்கின் தாயைக் குறித்து நிற்கிறது.

தாயும் தமக்கையும் மகளும் இல்லாத மொழி உலகில் உண்டோ? இல்லாமையால் வாங்கிய சொற்கள் அல்ல இவை. சந்தைக்கு வந்த வணிகன் மெழுகுக்கும் உப்புக்கும் பெயர் சொல்லிக் கொடுப்பான். உடன்பிறந்தாளுக்குப் பெயர் சொல்லிக் கொடுக்கமாட்டான். இச்சொற்கள் மணப்பெண்ணோடு வந்தவை. இருமொழியாளர் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்து, மக்களைப் பெற்று, ஒருவர் மொழியை ஒருவர் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்தாலன்றி இத்தகைய சொற்கள் இடம்பெயரா என்பது அறிஞர் பலரின் துணிபு. எழுத்தறியாத அந்தக் காலத்து மக்கள் தம் திருமணங்களை எந்த ஏட்டிலும் பதிந்து வைக்கவில்லை. கடன்சொல்லே அத்திருமணங்களின் பதிவேடு.

இத்தனை கடன் பெற்ற பின்னும் பின்லாந்து மொழி பிறிதொரு மொழியாகிவிடவில்லை. ஏறத்தாழ ஐம்பது இலட்சம் மக்கள் பேசும் ஒரு நாட்டின் ஆட்சிமொழியாக, பல்கலைக்கழக மொழியாக அது தலைநிமிர்ந்து நிற்கிறது. அதன் பதினைந்து வேற்றுமைகளும், உயிரொலிகள் ஒன்றற்கொன்று இயைந்து நடக்கும் முறையும் யுராலியக் குடிக்கே உரியவை. சொல் வெளியிலிருந்து வரலாம்; அது புகுந்த வீட்டின் ஒழுங்குக்கு அடங்கி நடக்கும்வரை அவ்வீடு இடிவதில்லை.

புகுந்த வீட்டு ஒழுங்கு

அந்த ஒழுங்கைச் சற்றே நோக்குவோம். இலக்கணம் பயில்வோர்க்கு இப்பகுதி சுவை தரும். வடசொல் தமிழில் வழங்குமிடத்து வடவெழுத்தை நீக்கித் தமிழொலி பெற்று வரவேண்டும் என்று தொல்காப்பியர் விதி வகுத்தார் அன்றோ? பழைய பின்னியம் எழுதப்படாத இலக்கணமாக அதே விதியைக் கைக்கொண்டது. தமிழைப் போலவே அதுவும் மொழிமுதலில் ஈரொற்று மயங்க இடங்கொடுக்கவில்லை. துடைப்பத்தைக் குறிக்கும் லித்துவேனியச் சொல் 'ஷ்லுவோத்தா'. பின்னியத்தில் முதன்மெய் கழன்று 'லூத்தா' ஆயிற்று. சிலுவையைக் குறித்த சிலாவியச் சொல் ககர ரகரக் கூட்டொலியில் தொடங்கியது. பின்னியத்தில் ககரம் நீங்கி 'ரிஸ்தி' ஆயிற்று. லித்துவேனியத்தில் பாலத்துக்குப் பெயர் 'தில்தஸ்'. பின்லாந்தில் இகரத்தின் முன் நின்ற தகரம் சகரமாகி 'ஸில்த்தா' ஆயிற்று. பால்டிக்கின் ஷகரம் இங்கே ஹகரமாக ஒலிக்கும்: வைக்கோற்புல் 'ஷியனஸ்', 'ஹெய்னா'; பயிரை வாட்டும் உறைபனி 'ஷால்னா', 'ஹல்லா'. சற்றுமுன் கண்ட 'ஷெய்மா', 'ஹெய்மோ' என்பதும் இவ்விதியின்படியே.

விதி தவறாது நிகழும் இந்த மாற்றங்களே கடனுக்குச் சான்றுகள். அதன் காலத்துக்கும் அவையே அளவுகோல்கள். சிலாவியச் சொற்கள் இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். பழஞ்சிலாவியத்தில் நம் குற்றியலுகரம், குற்றியலிகரம் போல மிகக் குறுகி ஒலித்த இரண்டு உயிர்கள் இருந்தன. கீழைச் சிலாவியத்தில் அவை 12, 13ஆம் நூற்றாண்டளவில் சிலவிடத்து மறைந்தன. சிலவிடத்து எகர ஒகரங்களாகத் திரிந்தன. இன்றைய உருசியத்தில் சிலுவை 'க்ரெஸ்த்'; பின்லாந்தில் 'ரிஸ்தி'. அரிவாள் அங்கே 'ஸெர்ப்', இங்கே 'ஸிர்ப்பி'. சந்தை வாணிகம் அங்கே 'தோர்க்'; இங்கே 'துர்க்கு'. உருசியம் தொலைத்துவிட்ட பழைய இகர உகரங்களைப் பின்னியம் இன்றும் காத்து வைத்திருக்கிறது. ஆகவே இச்சொற்கள் அத்திரிபு நிகழ்வதற்கு முன்னரே கடன் பெறப்பட்டவை. கடன் கொடுத்தவன் வீட்டில் காணாமற்போன நகை கடன் கொண்டவன் பேழையில் பத்திரமாக இருக்கிறது. பின்லாந்தின் பழம்பெரும் நகரமாகிய துர்க்குவின் பெயரே சந்தை எனப் பொருள்படும் அந்தச் சிலாவியச் சொல்தான்.

இதிலிருந்து வரலாற்றாசிரியர் பெறும் செய்தியொன்று உண்டு. பின்லாந்து மக்கள் சுவீடன் வழியாக மேற்குத் திருச்சபையைச் சார்ந்தவர்கள். 16ஆம் நூற்றாண்டில் லூத்தர் நெறியை ஏற்றவர்கள். ஆனால் அவர்தம் மொழியில் சிலுவை, குரு, புறச்சமயி ஆகியோர்க்கும் மறைநூலுக்கும் வழங்கும் பெயர்கள் கிழக்கே வாழ்ந்த சிலாவியரிடமிருந்து வந்தவை. மறைநூலை அவர்கள் 'ராமத்து' என்பர். கிரேக்கத்தில் எழுத்துகள் எனப் பொருள்பட்ட 'கிரம்மத்தா', சிலாவியத்தில் 'கிரமோத்தா' ஆகி, முதன்மெய் நீங்கிப் பின்னியத்தில் 'ராமத்து' ஆயிற்று. எஸ்தோனியத்தில் அதுவே 'ராமத்' என்று எல்லா நூலுக்கும் பொதுப்பெயர். லாத்வியத்தில் நூலுக்குப் பெயர் 'கிராமத்தா'. ஆங்கில இலக்கணத்தை நாம் 'கிராமர்' என்கிறோமே, அதுவும் அதே கிரேக்க வேரிலிருந்து பிறந்ததே. மேற்கிலிருந்து மதகுருமார் வருமுன்னரே கிழக்கிலிருந்து அச்செய்தி இம்மக்களின் காதுக்கு எட்டியிருந்தது என்பதை நாளாகமங்களைவிட உறுதியாக இச்சொற்கள் உரைக்கின்றன.

இந்தக் கலப்பு வாழ்வின் கண்கூடான சான்று உருசியாவின் நோவ்கொரோத் நகரில் கிடைத்தது. நம் முன்னோர் பனையோலையில் எழுதியதுபோல அந்நகரத்தார் பூர்ச்சமரப் பட்டையில் கீறி எழுதினர். 1951 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டைமுறிகள் அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை சிலாவிய மொழியில் அமைந்தவை. 1957-இல் கிடைத்த 292ஆம் முறி மட்டும் தனித்து நிற்கிறது. எழுத்து சிலாவியருடையது, மொழியோ கரேலியத்தை ஒத்த பின்னியம். இடிமின்னலுக்கு எதிரான மந்திரமாக அது கருதப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்த அந்தச் சிறு பட்டையே, பின்னிய மொழி எதிலும் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று. பின்னியரின் சொல் நமக்கு முதன்முதலாகக் காட்சி தருவது அயலாரின் எழுத்தில்!

கொடுத்தவரும் கொண்டவரே

கடன் ஒருவழிப் பாதை என்று எண்ணுவோர் உளர். பண்பாட்டில் உயர்ந்தவர் கொடுப்பர், தாழ்ந்தவர் கொள்வர் என்பது அவர்தம் எண்ணம். பால்டிக் கரை அதனையும் மறுக்கிறது. லாத்வியத்தில் சிறுவனைக் குறிக்கும் 'புய்க்கா' பின்னியத்தின் 'பொய்க்கா'விலிருந்து வந்தது. வீடு, திருமணம், காளான், பண்ணை மாளிகை ஆகியவற்றுக்கு லாத்வியத்தில் வழங்கும் சொற்களும் பின்னியத்தினவே. சொற்களேயன்றி இடைச்சொல்லும் இடம்பெயர்ந்தது. லாத்வியத்தில் வினாவுக்கும் 'அல்லது' என்னும் பொருளுக்கும் வழங்கும் 'வய்' என்பது பின்னிய இடைச்சொல். பெயரையும் வினையையும் எம்மொழியும் எளிதில் வாங்கும்; இடைச்சொல்லை வாங்குதல் அரிது. லாத்வியம் சொல்லின் முதலசையை அழுத்தி ஒலிப்பதும் பின்னியரோடு பழகிய பழக்கத்தால் வந்ததென்பர். லித்துவேனியத்தில் அவ்வழக்கம் இல்லை.

பேரரசின் மொழியாகிய உருசியமும் இக்கடனுக்கு விலக்கன்று. சூறைப்பனிப் புயலைக் குறிக்கும் 'புர்கா', தட்டைமீனைக் குறிக்கும் 'கம்பலா', சிறுமீனைக் குறிக்கும் 'சலாக்கா' ஆகியன வடபுலத்துப் பின்னியர் தந்தவை. பள்ளி நிலநூலில் நாம் படித்த 'தூந்திரா' என்ற பெயர் பின்னியத்துக்கு உறவான சாமி மொழி வழியாக உருசியத்துள் புகுந்து, உலகமெங்கும் பரவி, நம் பாடநூல் வரை வந்து சேர்ந்தது. பனிநிலத்தில் கலைமான் மேய்ப்பவரிடமும் உலகம் கற்றுக்கொள்ளச் சொல் இருந்தது.

இன்னொரு செய்தியும் நம்மைத் தொடும். பின்லாந்து மொழியில் நூறு என்னும் எண் 'ஸதா'. சுத்தியலுக்குப் பெயர் 'வஸரா'. பல்லாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த இந்தோ-ஈரானியக் கடன்கள் இவை. வடமொழியின் 'சத', 'வஜ்ர' என்பவற்றோடு ஒருவேரின. அதே சொற்கள் தெற்கே இறங்கித் தமிழில் சதம் எனவும் வச்சிரம் எனவும் வழங்குகின்றன. உறவற்ற இரு குடியினர், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே செட்டியாரிடம் கைமாற்று வாங்கிய கதை இது.

தூய்மை வேண்டியோர்

எதிர்வழக்கையும் நடுநிலையோடு கேட்டல் வேண்டும். சொற்கடனைக் கண்டு அஞ்சியவர் அந்நாடுகளிலும் இருந்தனர். அவர்தம் அச்சம் காரணமற்றதன்று. லித்துவேனியம் உருசியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த காலத்தில், 1864 முதல் 1904 வரை நாற்பது ஆண்டுகள் இலத்தீன் எழுத்தில் லித்துவேனிய நூல் அச்சிடுவது தடைசெய்யப்பட்டது. உருசிய எழுத்தே திணிக்கப்பட்டது. மக்கள் அடங்கவில்லை. பிரஷ்யாவில் அச்சிட்ட நூல்களை மூட்டைகளில் சுமந்து, எல்லைக் காவலரின் கண்ணுக்குத் தப்பி, ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தனர். பிடிபட்டவர் சிறை புகுந்தனர். சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அத்தகைய கொடுமையைக் கண்ட தலைமுறை அயற்சொல்லை ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. இலக்கண அறிஞர் யோனாஸ் யப்லொன்ஸ்கிஸ், மக்கள் பேச்சை அடிப்படையாகக் கொண்டு எழுத்துமொழியைச் செப்பனிட்டார். தேவையற்ற சிலாவியக் கலப்பைக் களைந்தார். அவர் தொண்டு போற்றற்குரியது.

ஆனால் இங்கொரு நுட்பம் காண்க. நூல் சுமந்த அந்த வீரர்களை லித்துவேனியர் 'க்னிக்நெஷீஸ்' என்று அன்புடன் போற்றுவர். 'நூல்சுமப்போர்' என்பது பொருள். அதன் முற்பகுதியாகிய 'க்னிகா' பழைய கீழைச் சிலாவியத்திலிருந்து வந்த கடன்சொல்! உருசிய ஆணையை மீறி உயிரைப் பணயம் வைத்தோரின் பெயரிலேயே சிலாவியச் சொல் அமர்ந்திருக்கிறது. அதனை எவரும் இழிவாகக் கருதவில்லை, கருதவும் தேவையில்லை. நூற்றாண்டுகளுக்கு முன் அண்டைவீட்டார் கொடுத்த சொல் வேறு. ஆட்சியாளன் துப்பாக்கி முனையில் திணித்த எழுத்து வேறு. முன்னது கொடுக்கல் வாங்கல், பின்னது பறித்தல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே நம் மேடைகளில் நிகழும் குழப்பம்.

ஆக்கப் பணியிலும் அம்மக்கள் பின்தங்கவில்லை. பின்லாந்தார் தொலைபேசிக்கும் மின்சாரத்துக்கும் தம் மொழியிலேயே பெயர் படைத்தனர்; கணிப்பொறியை 'அறிவுப்பொறி' எனப் பொருள்படும் 'தியத்தோகொனே' என்றனர். எஸ்தோனியத்தில் யொஹன்னெஸ் ஆவிக் என்பார், குற்றத்துக்கு 'ரொய்ம்' எனவும் படைக்கலத்துக்கு 'ரெல்வ்' எனவும் புதிய சொற்களைப் படைத்தார். அவை இன்றும் வழங்குகின்றன. 'ராமத்' என்னும் கடன்சொல்லை வைத்துக்கொண்டே அவர்கள் நூலெழுதினர். 'ஐத்தி' என்று தாயை அழைத்துக்கொண்டே அறிவியலுக்குச் சொல் ஆக்கினர். பழங்கடனை அகற்றுவதில் காலம் கழிக்காமல் புதுப்பொருளுக்குச் சொல் படைப்பதில் அறிவைச் செலுத்தியதே அவர்தம் வெற்றி.

மொழி மாய்வது எவ்வாறு?

அப்படியாயின் மொழிகள் மாய்வதே இல்லையா? மாய்கின்றன. அதற்கும் அதே கடற்கரை சான்று தரும்.

லாத்வியத்துக்குச் சிறுவனையும் திருமணத்தையும் தந்த பின்னியருள் முதன்மையானவர் லிவோனியர். ஒருகாலத்தில் ரீகா வளைகுடாவின் இருபுறமும் பரவியிருந்தவர். அவர் பெயராலேயே அந்நாடு முழுவதும் லிவோனியா என வழங்கிற்று. 13ஆம் நூற்றாண்டில் சிலுவைப்போர் வீரர் அந்நிலத்தை வென்றனர். போரும் பஞ்சமும் கொள்ளைநோயும் அடுத்தடுத்து வந்தன. தலைமுறை தலைமுறையாக அம்மக்கள் லாத்வியம் பேசத் தலைப்பட்டனர். 19ஆம் நூற்றாண்டில் குர்லாந்துக் கரையோர மீனவச் சிற்றூர்களில் மட்டும் அம்மொழி எஞ்சியது.

எஞ்சியோர் வாளா இருக்கவில்லை. 1863-இல் மத்தேயு நற்செய்தி லிவோனியத்தில் இலண்டனில் அச்சேறியது. 1923-இல் லிவோனியர் சங்கம் தோன்றியது. 1939-இல் மஸிர்பே என்னும் ஊரில் அவர்தம் சமுதாயக் கூடம் திறக்கப்பட்டது. அவ்வாண்டே இரண்டாம் உலகப்போர் மூண்டது. போருக்குப்பின் சோவியத்து ஆட்சியில் அக்கடற்கரை இராணுவக் காவல் எல்லையாயிற்று. கடலில் இறங்க மீனவனுக்குக் கட்டுப்பாடு. கரையில் நடமாடக் கட்டுப்பாடு. வலை ஓய்ந்தது, ஊர் கலைந்தது. நகரங்களுக்குச் சிதறியவர் பிள்ளைகளிடம் லாத்வியமே பேசினர். லிவோனியத்தைத் தாய்மொழியாகக் கற்று வளர்ந்தோருள் கடைசியானவர் எனப் போற்றப்பட்ட கிரிஸெல்டா கிறிஸ்தினா என்னும் மூதாட்டி, 2013 ஜூன் மாதம், தம் 103ஆம் வயதில், தாயகத்துக்கு நெடுந்தொலைவில் கனடா நாட்டில் மறைந்தார்.

லிவோனியத்தில் லாத்வியக் கடன் மிகுதிதான். வினைமுன் வரும் ஒட்டுகளைக்கூட அது லாத்வியத்திடம் பெற்றிருந்தது. அக்கடனா அதனைக் கொன்றது? லாத்வியமும் லிவோனியத்திடம் கடன் பெற்றதே. அது பதினைந்து இலட்சம் அளவிலான மக்களின் தாய்மொழியாக வாழ்கிறதே! கொன்றவை போரும், அடைபட்ட கடலும், சிதைந்த ஊரும். வேற்றுச்சொல் வாயில் புகுந்ததால் அம்மொழி மாயவில்லை. தாய் தன் குழந்தையோடு பேசுவதை நிறுத்தியதால் மாய்ந்தது. பழம் பிரஷ்யத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. வென்றோரின் குடியேற்றத்தாலும் கொள்ளைநோயாலும் பேசுவோர் அருகி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மறைந்தது.

இன்று லாத்வியாவில் லிவோனியத்தை மீட்கும் முயற்சி நடைபெறுகிறது. அதனைக் காப்பது அரசின் கடமை என அந்நாட்டு மொழிச்சட்டம் 1999-இல் ஏற்றது. லாத்வியப் பல்கலைக்கழகத்தில் லிவோனிய ஆய்வு நிறுவனம் 2018-இல் அமைந்தது. கற்கும் இளைஞரும் உளர். அதுவரை லிவோனியத்தின் ஒரு பகுதியைக் காத்து வைத்திருந்தது எது? லாத்வியம் அதனிடம் பெற்ற கடனே. ரீகா நகரில் ஒரு தாய் தன் மகனைப் 'புய்க்கா' என்று அழைக்குந்தோறும், ஒரு வீட்டில் திருமணப் பேச்சு எழுந்தோறும், லிவோனியக் குடியின் குரல் ஒலித்துக்கொண்டே இருந்தது.

நாம் கொள்ளத்தக்கது

தொலைவிடத்தில் விசாரித்த வழக்கின் தீர்ப்பை இனி வீட்டுக்குக் கொண்டுவரலாம். கடன்சொல் மூவகைப்படும் என்பது எமது கருத்து. அண்டை வாழ்வில் இயல்பாக வந்து, நம் ஒலிக்கும் இலக்கணத்துக்கும் அடங்கி, மக்கள் நாவில் நிலைத்தது ஒன்று. அது நம் சொல்லே. அதிகாரத்தால் திணிக்கப்படுவது இரண்டாவது. அதனை எதிர்த்தல் கடமை. கையில் நல்ல சொல் இருக்கவும், சோம்பலாலும் பகட்டாலும் எடுத்தாள்வது மூன்றாவது. அதனைக் கண்டிப்பதில் நாம் தூய்மைவாதியர் எவர்க்கும் பின்தங்கியவர் அல்லோம். குற்றம் மூன்றாம் வகையதாக இருக்க, தண்டனை முதல் வகைக்கு வழங்கப்படுவதே எம் மனக்குறை.

எம் வகுப்புகளில் அமரும் மாணவர் பலர் தாயை 'உம்மா' என்று அழைக்கும் இல்லங்களிலிருந்து வருவோர். கட்டுரை ஏட்டில் அச்சொல் தப்பித்தவறி வந்துவிட்டால், சிவப்பு மையால் அடிக்கப்படுமோ என அஞ்சி அதனை மறைப்பவரை நாம் கண்டிருக்கிறோம். வீட்டில் ஒரு மொழி, ஏட்டில் ஒரு மொழி என அப்பிள்ளை தன்னைத்தானே இரண்டாக வெட்டிக்கொள்கிறது. அதற்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே: ஐம்பது இலட்சம் பின்லாந்தார் கடல்கடந்து வந்த சொல்லால் தாயை அழைக்கின்றனர், அதனால் அவர் மொழி அவர்க்கு அந்நியமாகவில்லை. 'உம்மா' என்று அழைத்தபின் அதே வாய் 'பசிக்கிறது' என்று தமிழில்தானே சொல்கிறது! அந்தத் தொடர் உள்ளவரை தமிழ் உண்டு.

அன்று மேடையில் முழங்கிய மாணவர் இன்று ஓர் ஆசிரியராகியிருக்கக்கூடும். அவரை மீண்டும் காண நேர்ந்தால், அவருடைய மதிப்பெண்ணில் ஒன்றையும் குறைக்கமாட்டோம். அத்தொடரை மட்டும் சற்றே திருத்தித் தருவோம்: கடன் வாங்கிய மொழி அழிவதில்லை, பிள்ளைகளுக்குக் கொடுக்க மறந்த மொழியே அழிகிறது.